பதினெட்டுப் பேரும் 20ஆம் தேதியும்

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மாதம் முழுக்க ஏதாவது ஒரு கெடு துரத்திக்கொண்டே இருக்கும். எங்கள் குடியிருப்பில் காலை நடைக்கு வருபவர்கள் 2026 ஆகஸ்டில் மலேசியா, சிங்கப்பூர் போகலாம் என்று முடிவெடுத்து, என்னை முன்னின்று நடத்தச் சொல்கிறார்கள். என்னையும் சேர்த்து 18 பேர். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். டிராவல்ஸ்காரர் ஆளுக்கு 92,000 ரூபாய் என்கிறார். 17 பேர் கட்டினால் எனக்கு இலவசமாம். எல்லாரிடமும் பணம் வாங்கி நானே மொத்தமாகக் கட்டிவிடட்டுமா? அலுவலகத்தையும் வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். எல்லாரும் கவலைப்படுவது பயணம் போகிற அந்த ஒரு வாரத்தைப் பற்றி. அது விடுப்புக் கடிதத்தோடு முடிகிற விஷயம். அலுவலகமும் பயணமும் முட்டிக்கொள்வது புறப்படுவதற்கு முந்தைய மூன்று வாரத்தில்தான். விசாப் போட்டோ சரியில்லை என்று ஏஜெண்ட் கூப்பிடுவதும், ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனை அறிக்கையின் கணக்கு ஒத்துவராமல் நிற்பதும் ஒரே மதியத்தில் நடக்கும். ஆகஸ்டு 1 முதல் 20 வரை பயண வேலை எதுவும் உங்கள் கைக்கு வராதபடி பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஓரளவு தானாக நடக்கும்.

முதலில் தேதி. மாதாமாதம் உங்கள் மேசையில் 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுவது), 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 ஊழியர்களின் பிஎஃப்பும் இஎஸ்ஐயும், 20 ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி கட்டும் ரிட்டர்ன்), மாதக் கடைசி சம்பளம். நடுவில் மிஞ்சுவது 21 முதல் 28 வரைதான். ஆகஸ்டு 20 வியாழக்கிழமையாக விழுவது நல்ல வசதி. 21 வெள்ளி வேலையை முடித்துவிட்டு இரவு ஏறினால், 28 வெள்ளி திரும்பலாம். ஐந்து நாள் விடுப்பு போதும். சனி, ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டு 31 திங்கள் சம்பளப் பட்டியலோடு உட்காரலாம். செப்டம்பர் காலாண்டு லீவில் போனால் பேரப்பிள்ளைகளும் வருவார்களே என்று யாராவது கிளப்புவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். அது உங்களுக்கு வரித் தணிக்கை மாதம்.

வழி: திருச்சியிலிருந்து நேராகக் கோலாலம்பூர், அங்கே நான்கு இரவு. புதன்கிழமை பேருந்தில் சிங்கப்பூர், இரண்டு இரவு, அங்கிருந்து நேராகத் திருச்சி. எல்லையை எந்தக் கிழமை கடக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் இரு நாட்டையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தில் மாட்டினால் அந்த நாளே போயிற்று. மீலாது நபி விடுமுறை அந்தச் செவ்வாயையொட்டி வருவதால், புதன் காலை கோலாலம்பூரை விட்டுக் கிளம்பி வேலை நேரத்தில் எல்லையைத் தாண்டுவது நல்லது. தூரம் சுமார் 350 கிலோமீட்டர்தான். ஆனாலும் இரண்டு குடிநுழைவு வரிசைக்கும் சேர்த்து, அன்றைக்கு வேறு எந்த நிகழ்ச்சியும் வைக்காதீர்கள்.

பணத்துக்கு வருகிறேன். மொத்தமாக வாங்கி நீங்களே கட்டுவது வேண்டவே வேண்டாம். டிசிஎஸ், அதாவது விற்பவரே விலையோடு சேர்த்து வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி, உங்களுக்குப் புதிதல்ல. வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் விற்பவர், வாங்குபவரின் பான் எண்ணில் அதைப் பிடித்தாக வேண்டும். விமானச் சீட்டு, தங்குமிடம், இதர செலவு என்ற மூன்றில் இரண்டு சேர்ந்தாலே அது பேக்கேஜ். 17 பேருக்கான 15,64,000 ரூபாயும் உங்கள் கணக்கு வழியாகப் போனால், பிடித்த வரி முழுக்க உங்கள் பெயரிலுள்ள வரிப் பதிவான 26ஏஎஸ்ஸில் ஏறும். மற்றவர்கள் அதைத் தங்கள் ரிட்டர்னில் கழித்துக்கொள்ள முடியாது. வருமான வரித் துறை வைத்திருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையான உங்கள் ஏஐஎஸ்ஸில் ஒரே பயணத்துக்குப் பதினைந்து லட்சத்துக்கு மேல் செலவு தெரியும். அதற்கு விளக்கம் எழுதும் வேலையும் உங்களுக்குத்தான். இது போதாதென்று, பலரிடம் பணம் வாங்கிப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் நீங்கள் என்று ஆகிவிட்டால், பேக்கேஜை விற்றவரே நீங்கள்தானா என்ற கேள்வியும் வரும். அதனால் ஒவ்வொருவரும் தன் வங்கிக் கணக்கிலிருந்து நேராக டிராவல்ஸுக்குக் கட்டி, தன் பெயரிலும் பான் எண்ணிலும் ரசீது வாங்கட்டும். டிசிஎஸ் விகிதம் அடிக்கடி மாறியிருக்கிறது. 92,000 என்பது அதையும் ஜிஎஸ்டியையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுத்தில் கேளுங்கள். இதைக் கேட்காமல் விட்டதால் கடைசித் தவணையில் சண்டை வந்த குழுக்கள் ஏராளம்.

இலவச இருக்கை யாரும் அன்பளிப்பாகத் தருவதல்ல. அதன் விலை மற்ற 17 பேர் கட்டும் தொகைக்குள்தான் இருக்கிறது. 15,64,000 ரூபாயை 18 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 86,900 வரும். இப்படிப் பிரித்து வாங்கச் சொல்லி, நீங்களும் அதையே கட்டுங்கள் என்பதுதான் என் யோசனை. இதற்குக் காரணம் இரண்டு. முழுநேர ஊழியர் வேறு தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனை உங்கள் நியமனக் கடிதத்தில் அநேகமாக இருக்கும். ஆதாயம் எதுவும் வாங்காமல் நண்பர்களோடு போகிறவரை அந்த நிபந்தனை தொடாது. 92,000 ரூபாய்ச் சலுகை வாங்கிக்கொண்டவருக்கு அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டாவது காரணம் நடைமுறை சார்ந்தது. ஓசியில் வருபவரிடம் இரவு பதினோரு மணிக்கு அறைக் கதவைத் தட்டி ஏசி ரிமோட் கேட்பார்கள். தானும் காசு கட்டி வருபவரிடம் கேட்கக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ரத்து விதியை ஒரு பக்கத்தில் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு விலகினால் எவ்வளவு போகும் என்பதை டிராவல்ஸ் சொல்லும். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. 18 பேர் என்றால் இருவர் தங்கும் ஒன்பது அறை. ஒருவர் விலகினால் அவரோடு தங்க இருந்தவர் தனி அறைக்கான கூடுதல் தொகையைக் கட்ட வேண்டிவரும். அதை விலகியவர்தான் தர வேண்டும் என்று இப்போதே எழுதாவிட்டால், ஆகஸ்டில் இரண்டு வீடுகளுக்கிடையே நீங்கள் பஞ்சாயத்து செய்துகொண்டிருப்பீர்கள். விமானத்தில் பெரும்பாலும் 10 பேருக்கு மேல் போனால் குழு முன்பதிவு. முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துவிட்டு, பெயர்களைப் பின்னால் கொடுக்கலாம். பெயர்ப் பட்டியல் கொடுக்கும் நாள் வரை ஒருவருக்குப் பதில் இன்னொருவரைச் சேர்க்கலாம். டிக்கெட் அடித்த பிறகு அது முடியாது. அந்த நாள் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போக ஒரு விமான நிறுவனம், வர வேறு நிறுவனம் என்று அமைந்தால், பெட்டி எடை வரம்பும் இரண்டு விதமாக இருக்கலாம். குறைந்த வரம்பையே எல்லாருக்கும் சொல்லுங்கள்.

பெயர்ப் பட்டியலில்தான் அதிகத் தவறு நடக்கிறது, அதுவும் நம் ஊர்ப் பெயர்களில். வாட்ஸ்அப்பில் "என் பேரு பி. லட்சுமி" என்று அனுப்புவார். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் கணவர் பெயர் பழனிசாமி, கிவன் நேம் இடத்தில் லட்சுமி என்று இருக்கும். இன்னொருவருக்குச் சர்நேம் இடமே காலியாக இருக்கும், முழுப் பெயரும் கிவன் நேமில். மூன்றாமவர் ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து. ஆகவே யாரும் தட்டச்சு செய்து அனுப்பும் பெயரை எடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களை ஸ்கேன் செய்து வாங்கி, சர்நேம், கிவன் நேம் இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் நீங்களே ஏற்றுங்கள். சர்நேம் இல்லாதவருக்கு டிக்கெட்டில் எப்படிப் போட வேண்டும் என்று விமான நிறுவனம் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். அடித்த டிக்கெட் வந்ததும் அவரவர் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு "சரி" என்று குழுவில் பதில் போடட்டும். 24 மணி நேரத்துக்குள் பதில் போடாதவரைத் தொலைபேசியில் பிடியுங்கள். டிக்கெட் அடித்த உடனே தெரிந்தால் தவறைத் திருத்துவது எளிது. விமான நிலைய கவுண்டரில் தெரிந்தால் பெரும்பாடு.

அதே நேரத்தில் பாஸ்போர்ட் காலாவதித் தேதியையும் பாருங்கள். நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். 2027 மார்ச்சுக்கு முன் முடிகிற எந்தப் பாஸ்போர்ட்டையும் இப்போதே புதுப்பிக்க அனுப்புங்கள். இசிஆர் என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மகாபலிபுரம் போகும் சாலையைச் சொல்லவில்லை. பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் வரும் குடிபெயர்வுக் குறிப்பு அது. அந்தப் பட்டியலில் உள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சுற்றுலாவாகப் போவதற்குத் தடை இல்லை. ஆனால் திரும்பும் டிக்கெட்டும் ஓட்டல் பதிவும் காகிதத்தில் கையில் இருக்க வேண்டும். கேட்கும்போது பெரியவர் போனில் தேடிக்கொண்டு நின்றால் வரிசையே நின்றுவிடும்.

மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை விசா வேண்டாம், 30 நாள் வரை தங்கலாம். சிங்கப்பூருக்கு வேண்டும். உங்களைப் போன்ற குழுவுக்கு அங்கீகாரம் பெற்ற ஏஜெண்ட் மூலமாக விண்ணப்பிப்பதே வழி. நுழையும் நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் ஆகஸ்டு 26 நுழைகிறீர்கள் என்றால், ஜூலை 27 திங்கள் அன்று 18 கவரும் ஏஜெண்ட் மேசையில் இருக்க வேண்டும். அன்றைக்குத்தான் சேகரிக்க ஆரம்பித்தால் கோட்டைவிட்டீர்கள். ஜூன் 21 முதல் 30 வரை உங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விடும் நேரம். அப்போதே கையெழுத்திட்ட படிவம், போட்டோ எல்லாவற்றையும் வாங்கி, பெயர் எழுதிய கவரில் போட்டுவையுங்கள். படிவம் 14ஏ. போட்டோ வெள்ளைப் பின்னணியில், 35க்கு 45 மில்லிமீட்டர், மூன்று மாதத்துக்குள் எடுத்தது. பாஸ்போர்ட் ஆபீசுக்கு எடுத்த பழைய படத்தையே பாதிப் பேர் நீட்டுவார்கள். குடியிருப்புக்கே ஒரு போட்டோக்காரரை ஒரு ஞாயிறு காலை வரச் சொல்லுங்கள். நடை முடிந்து வருகிறவர்களை வரிசையாக நிறுத்தி அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்.

அப்படியும் ஒரு வேலை சரியாக உங்கள் 20ஆம் தேதியில் வந்து உட்காரும். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை அங்கே போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரின் வருகை அட்டையும் அதேபோல. 18 பேருக்கு 36 படிவம். முதல் 18 உங்களுக்கு 19, 20, 21 தேதிகளில் வருகிறது, 3பி தாக்கல் செய்யும் அதே நேரத்தில். இதை நீங்கள் தொடவே கூடாது. குழுவை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் போன் நன்றாகப் பழகிய ஒருவருக்கு நான்கைந்து பேரை ஒப்படையுங்கள். மகனோ மகளோ வீட்டிலிருந்தே நிரப்பினாலும் சரி. இரண்டுமே இலவசம். தேடும்போது முதலில் வந்து காசு கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல. சரியான இணைப்பை நீங்கள் ஜூலையிலேயே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

தினசரித் தொல்லை வாட்ஸ்அப். இரண்டு குழு வையுங்கள். ஒன்றில் நீங்களும், உங்களுக்குத் துணையாக நீங்கள் தேர்ந்தெடுக்கப்போகும் துணைத் தலைவரும் மட்டும் எழுதும் அறிவிப்பு, மற்றதில் குட் மார்னிங்கும் கேள்விகளும். தனியாக அனுப்பும் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லாதீர்கள். ஒருவருக்குச் சொன்னதை இன்னும் ஏழு பேர் தனித்தனியாகக் கேட்பார்கள். இரவு 9 முதல் 9.30 வரை பதில் நேரம் என்று முதல் நாளே சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் பொதுவில் பதில் எழுதுங்கள். அலுவலக நேரத்தில் அந்தக் குழு ஓசையில்லாமல் கிடக்கட்டும்.

காப்பீட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். பிரீமியம் கொஞ்சம் கூடுகிறதே என்று மறைத்தால், சிங்கப்பூர் மருத்துவமனைப் பில் வரும்போது நிறுவனம் கைவிரித்துவிடும். புறப்படுவதற்கு முன் இந்தியாவிலேயே வாங்கிவிட வேண்டும். முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலியை விமானத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது பதிவு செய்யுங்கள். கோலாலம்பூரை அடுத்த பத்துமலையில் முருகன் சிலைக்குப் பக்கத்தில் 272 படி. ஏறமாட்டேன் என்பவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கீழேயே கோயில்களும் ராமாயணக் குகையும் இருக்கின்றன. ஏறுபவர்கள் கையில் பழப் பையோடு போனால் குரங்கு பிடுங்கும். ஏழரை மணிக்கெல்லாம் ஏறிவிட்டால் வெயிலுக்குத் தப்பலாம்.

பெட்டி கட்டும் விஷயத்தில் நம்மவர்கள் மாட்டுவது குழம்புப் பொடியால். கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். குருமாப் பொடியில் அரைத்துப் போட்டிருந்தாலும் கொண்டுபோகக் கூடாது. மெல்லும் புகையிலை, இ-சிகரெட், சூயிங்கம் மூன்றும் அங்கே ஆகாது. சிகரெட்டுக்கு வரிச் சலுகை கிடையாது, ஒரு பாக்கெட் ஆனாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் சிங்கப்பூரில் முன் அனுமதி வேண்டுமா என்று ஜூலையிலேயே பார்த்துவிடட்டும். மருந்துச் சீட்டு எல்லாரிடமும் இருக்கட்டும். கொப்பரைத் தேங்காய் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் விடமாட்டார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போட்டால் திருச்சியிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-மணி. 100 வரை அனுமதி உண்டு.

டிராவல்ஸிடம் இன்னும் இரண்டு கேள்வி. பேருந்துக்கு எத்தனை இருக்கை? 18 பேருக்கு 20 இருக்கை வண்டி போதும் என்பார்கள். 18 பெரிய பெட்டிக்கு அதில் இடம் இருக்காது, நடைபாதையில் அடுக்கி அதன் மேல் ஏறித்தான் உட்கார வேண்டியிருக்கும். பெரிய வண்டியை எழுதி வாங்குங்கள், ஓட்டுநருக்கு நாளுக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்து. அடுத்தது, மலேசியாவின் சுற்றுலா வரி. வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். ஒன்பது அறை, நான்கு இரவு என்றால் 360 ரிங்கிட். பேக்கேஜில் சேரவில்லை என்றால் ஓட்டல் வரவேற்பில் நிற்கும்போது கேட்பார்கள். ஆளுக்கு 20 ரிங்கிட்தான். ஆனாலும் விடிய விடியப் பறந்து வந்த 18 பேரிடம் அப்போது வசூலிப்பது நரகம். இதற்கும் தண்ணீர், டிப்ஸ் போன்றவற்றுக்கும் ஆளுக்கு 60 ரிங்கிட் பொதுப் பணமாக முதலிலேயே எடுத்து, கணக்கு எழுதும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் கணக்குப் பிரிவு என்பதால் உங்கள் தலையில்தான் கட்டப் பார்ப்பார்கள்.

அலுவலகத்துக்கு. மேலாளரிடம் "போனில் கிடைப்பேன்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். நம் 9.30க்கு அலுவலகம் திறக்கும்போது அங்கே நண்பகல் 12. அதுவரை காலை முழுக்க உங்களுடையது. அதன் பிறகு அழைப்பு வர ஆரம்பிக்கும், சரியாகச் சாப்பாட்டு மேசையில் தலையை எண்ணிக்கொண்டிருக்கும்போது. ஆகவே நம் நேரம் மதியம் 3.30 முதல் 4 வரை என்று ஒரு நேரத்தைக் கொடுங்கள். அங்கே மாலை 6. பெரியவர்கள் அறைக்குத் திரும்பிக் காலை நீட்டும் நேரமாக அதை நிகழ்ச்சி நிரலிலேயே வைத்துவிடுங்கள். அலுவலக மடிக்கணினியை எடுத்துப் போகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து உள்நுழைவதை நிறுவனம் தடுத்திருக்கலாம், அனுமதிக்காமலும் இருக்கலாம். வங்கிப் பணப் பரிமாற்றத்துக்கும் ஜிஎஸ்டி தளத்துக்கும் ஓடிபி உங்கள் எண்ணுக்கு வருகிறதா? அப்படியானால் புறப்படுவதற்கு முன் இன்னொரு அதிகாரியின் எண்ணையும் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். அது முடியாவிட்டால் ரோமிங்கைத் திருச்சியிலேயே இயக்கிச் சோதித்துப் பாருங்கள்.

எல்லையில் பேருந்திலிருந்து எல்லாரும் பெட்டியோடு இறங்கி, வரிசையில் நின்று, மறுபக்கம் மீண்டும் ஏற வேண்டும். இறங்குவதற்கு முன் வண்டியின் எண் பலகையைப் படம் பிடித்துக் குழுவில் போடுங்கள். ஒரே நிறத்தில் பத்து வண்டி நிற்கும். எல்லாருக்கும் 1 முதல் 18 வரை எண் கொடுத்துவிட்டால், ஏறியதும் அவரவர் எண்ணைச் சொல்லி அரை நிமிடத்தில் கணக்கெடுக்கலாம். வரிசையில் துணைத் தலைவர் முதலில், நீங்கள் கடைசியில். அதிகாரி யாரையாவது தனியாக நிறுத்தினால் உங்கள் கண் முன்னால் நடக்கும்.

அந்தத் துணைத் தலைவர் யார் என்பதுதான் மிச்சம். நன்றாக ஆங்கிலம் பேசுகிறார், சுறுசுறுப்பானவர் என்று உங்களைப் போலவே வேலைக்குப் போகும் ஒருவரைப் பிடிக்காதீர்கள். வியாழன் இரவு சிங்கப்பூரில் ஒருவருக்கு மார்வலி வந்து 995ஐ அழைத்து ஆம்புலன்ஸில் ஏற்றலாம். மலேசியாவில் ஒருவர் பாஸ்போர்ட்டைத் தொலைத்து, போலீஸ் புகாரோடு இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழுக்காகக் காத்திருக்கலாம். அப்போது ஒருவர் பின்தங்கி உடன் இருக்க வேண்டும், மற்றவர்களோடு ஒருவர் திரும்ப வேண்டும். நடைக்கு வருபவர்களில் பணி ஓய்வு பெற்று, உடம்பு திடமாக உள்ள ஒருவரிடம், "தேவைப்பட்டால் நான்கு நாள் கூடத் தங்க முடியுமா?" என்று இப்போதே கேளுங்கள். வீட்டிலும் பேசிவிட்டுச் சம்மதம் சொன்னால் அவர் பெயரை எழுதிக்கொண்டு, அதன் பிறகு முன்பணம் கட்டச் சொல்லுங்கள்.